அமெரிக்க நீதிபதி நியமனச் சண்டையை முதலில் தொடங்கியது யார்?

நீங்கள் கேட்டது ஒரு கேள்விபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிபதி ஒருவரை நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஏற்பதற்கு ஏன் இத்தனை சண்டை, முதலில் கெடுத்தது எந்தக் கட்சி என்பது ஒன்று. ஒரு செனட்டர் நீல நிறக் காகிதம் ஒன்றைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலே நியமனம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா என்பது இரண்டாவது. வாஷிங்டனில் நடக்கும் இந்தக் கூத்தினால் சாதாரண மனிதருக்கு என்ன வந்தது என்பது மூன்றாவது. கடைசிக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். நான் பதினெட்டு ஆண்டுகளாக ஃபெடரல் நீதிமன்றங்களில் வழக்காடுகிறேன். பெரும்பாலும் கூலி பாக்கி, வேலைநீக்கம் போன்ற வழக்குகள், தொழிலாளர் பக்கம். எந்த வகை நீதிபதிகள் வந்தால் எனக்கு வசதி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள். செனட்டுக்குள் நான் வேலை பார்த்ததில்லை. நீதிமன்றப் படிக்கட்டிலிருந்து தெரிவது எனக்குத் தெரியும். செனட்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது உங்களைப் போலவே எனக்கும் செய்தித்தாள் வழியாகத்தான் வருகிறது.

முதலில் சட்டம். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது உறுப்பில் இதற்கென்று இருப்பது அரை வாக்கியம். அதிபர் பெயரை முன்மொழிவார். செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும் நியமிப்பார். அவ்வளவுதான். செனட் எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், விசாரணை நடத்த வேண்டுமா, வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டுமா என்பதெல்லாம் அதில் இல்லை. நீதிபதியாக வருகிறவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்றாவது உறுப்பு, நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்கிறது. நடைமுறையில் அது ஆயுள் முழுக்க. 1789 முதல் இன்றுவரை நாடாளுமன்றம் குற்றம் சாட்டி, விசாரித்து, பதவியிலிருந்து இறக்கிய ஃபெடரல் நீதிபதிகள் எட்டே பேர். அதிபருக்கு மிஞ்சிப் போனால் எட்டு ஆண்டு; நாற்பத்தைந்து வயதில் அவர் உட்காரவைத்த நீதிபதிக்கு முப்பது, முப்பத்தைந்து ஆண்டு. உச்ச நீதிமன்றத்தில் 9 இடங்கள், மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 179, மாவட்ட நீதிமன்றங்களில் 677. அரை வாக்கியத்தில் எழுதிய விதி, ஆயுள் முழுக்க நீடிக்கும் பரிசு. இரண்டையும் அருகருகே வைத்தால் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி, வெளியே அதிகம் பேசப்படாத ஒரு நாற்காலியின் கதையைச் சொல்கிறேன். வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1992-இல் அதிபர் மூத்த புஷ் ஓர் இளம் வழக்கறிஞரை முன்மொழிந்தார். செனட் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. தேர்தல் ஆண்டு வேறு. விசாரணையே நடக்கவில்லை. பெயர் காலாவதியானது. 1999-இல் அதே நீதிமன்றத்தில் ஜேம்ஸ் பக்லி என்ற நீதிபதி விட்டுச்சென்ற இடத்துக்கு அதிபர் கிளிண்டன் ஓர் இளம் பேராசிரியையை முன்மொழிந்தார். இப்போது செனட் குடியரசுக் கட்சியின் கையில். அவருக்கும் விசாரணை இல்லை, பெயர் காலாவதியானது. பிறகு இளைய புஷ் வந்தார். பக்லியின் அந்த நாற்காலிக்கு, முன்பு 1992-இல் காத்திருந்து திரும்பிப்போன அதே வழக்கறிஞரை 2001-இல் முன்மொழிந்தார். மறுபடியும் செனட் கைமாறியிருந்தது; மறுபடியும் காத்திருப்பு. 2003-இல்தான் அவர் உள்ளே போனார். அவர் பெயர் ஜான் ராபர்ட்ஸ். இன்றைய தலைமை நீதிபதி. காத்திருந்து திரும்பிப்போன பேராசிரியை எலெனா கேகன். 2010 முதல் அவரும் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். இந்த இருவரையும் யாரும் தகுதியில்லை என்று சொன்னதில்லை. அந்தக் காத்திருப்பில் யாரும் எதிர்த்து வாக்களிக்கவும் இல்லை. வாக்கே எடுக்கவில்லை.

இந்தச் சண்டையில் ஆயுதம் எதுவென்று கேட்டால் என் பதில் இதுதான்: நிராகரிப்பு அல்ல, கிடப்பில் போடுவது. தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது நிராகரிப்பு. 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் 42-க்கு 58 என்று தோற்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவருடைய பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது; ஒருவரைப் பொதுவெளியில் அடித்துத் துவைத்து அனுப்புவதற்கு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் செனட் அவையில் நேராகத் தோற்கடிக்கப்படுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1999-இல் மிஸ்ஸூரி மாநிலத்தின் ரோனி வைட் என்ற நீதிபதி, மாவட்ட நீதிமன்ற இடத்துக்கு 45-க்கு 54 என்று தோற்றார். அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர். பதினைந்து ஆண்டு கழித்து ஒபாமா அவரையே மறுபடி முன்மொழிந்து, 2014-இல் 53-க்கு 44 என்று ஏற்கப்பட்டார். இப்படி வெளிச்சத்தில் நடப்பவை குறைவு. நீதித்துறைக் குழுவின் தலைவர் விசாரணைக்கு நாள் குறிக்காமல் விடுவது, அவைப் பெரும்பான்மைத் தலைவர் பட்டியலில் பெயரை எடுக்காமல் விடுவது, இவைதான் அன்றாடம். இதற்கு உரை நிகழ்த்த வேண்டியதில்லை. கெட்ட பெயரும் வராது. எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும்.

சரி, யார் தொடங்கினார்கள்? இதற்குப் பதில் சொல்கிறவர் கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறார் என்று பாருங்கள். அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். ஜனநாயகக் கட்சி நண்பர் 2016-இல் தொடங்குவார். குடியரசுக் கட்சி நண்பர் 1987-இல், அல்லது 2003-இல் தொடங்குவார். கொஞ்சம் வரலாறு படித்தவர் 1968-க்குப் போவார்: லிண்டன் ஜான்சன், ஏப் ஃபோர்ட்டாஸ் என்ற நீதிபதியைத் தலைமை நீதிபதியாக்க முயன்றபோது குடியரசுக் கட்சியினரும் தென்மாநில ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து முடிவில்லாத விவாதத்தால் தடுத்தார்கள், விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 45-க்கு 43 தான் கிடைத்தது, தேவை மூன்றில் இரண்டு பங்கு. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் 1795-க்கே போகலாம். ஜார்ஜ் வாஷிங்டன் முன்மொழிந்த ஜான் ரட்லெட்ஜை செனட் 10-க்கு 14 என்று நிராகரித்தது. காரணம் சட்ட அறிவு அல்ல. பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்தை அவர் பொதுமேடையில் திட்டியிருந்தார். அரசியல் கலக்காத பொற்காலம் ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

ஆனாலும் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டில் சண்டையின் அளவு மாறியிருப்பது மறுக்க முடியாதது. அதற்குக் காரணம் மனிதர்கள் கெட்டுப்போனதல்ல, விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 1975 முதல் நூறில் அறுபது வாக்கு தேவை. நீதிபதி நியமனங்களில் இந்தப் பூட்டை அரிதாகவே பயன்படுத்தினார்கள். 2003-இல் ஜனநாயகக் கட்சியினர் அதை வழக்கமாக்கினார்கள். ஹோண்டுராஸில் பிறந்து ஹார்வர்டில் படித்த மிகேல் எஸ்ட்ராடாவின் பெயரை டி.சி. நீதிமன்றத்துக்குப் புஷ் முன்மொழிந்திருந்தார். விவாதத்தை முடிக்க ஏழு முறை முயன்றும் அறுபது கிடைக்கவில்லை. இருபத்தெட்டு மாதம் காத்திருந்துவிட்டு அவரே விலகினார். 2005-இல் குடியரசுக் கட்சியினர் விதியையே உடைத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். அந்த மிரட்டலுக்குப் பெயர் 'அணுகுண்டு வழி'. இரு கட்சியிலிருந்தும் ஏழேழு பேர் சேர்ந்து, அசாதாரணச் சூழல் தவிர மற்ற நேரத்தில் பூட்டுப் போட மாட்டோம் என்று ஒப்பந்தம் செய்து அப்போதைக்குத் தீயை அணைத்தார்கள். எது அசாதாரணம் என்று அவரவர் மனசாட்சி தீர்மானிக்கும் என்றும் எழுதிவைத்தார்கள். வழக்கறிஞனாக எனக்கு அந்த வரியைப் படித்தால் இன்றும் சிரிப்பு வரும். எங்கள் கட்சிக்காரர் யாராவது இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கையைப் பிடித்துத் தடுப்போம்.

ஒபாமா காலத்தில் வேடங்கள் மாறின. 2013-இல் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதினொரு இடங்களில் நான்கு காலி. முதல் இடத்துக்கு ஸ்ரீ சீனிவாசன் வந்தார். தந்தை வழியில் திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிராமம், அவர் பிறந்தது சண்டிகரில். மே மாதம் 97-க்குப் பூஜ்யம் என்று ஏற்கப்பட்டார். ஒரு எதிர்ப்பு வாக்குக்கூட இல்லை. சில மாதத்திலேயே மிச்சமிருந்த மூன்று இடங்களுக்கு வந்த மூவரையும் குடியரசுக் கட்சியினர் தடுத்தார்கள். அந்த மூவரின் தகுதியைப் பற்றி அவர்கள் பெரிதாக வாதிடவில்லை. இந்த நீதிமன்றத்துக்கு வேலை குறைவு, பதினொரு நீதிபதிகள் தேவையில்லை, எட்டாகக் குறைப்போம் என்றார்கள். வேலை குறைவு என்பதில் உண்மை உண்டு. வழக்கு எண்ணிக்கையில் அந்த நீதிமன்றம் சிறியதுதான். ஆனால் ஃபெடரல் அரசுத் துறைகளின் விதிமுறைகளை எதிர்த்து வரும் பெரிய வழக்குகள் அங்கேதான் குவிகின்றன. ஒரு வழக்கின் ஆவணமே அறை நிறைய வரும். அதைவிட, அந்த மூன்று இடங்களும் நிரம்பினால் நீதிமன்றத்தின் சாய்வு மாறிவிடும் என்பது இரு கட்சிக்கும் தெரியும். 2013 நவம்பர் 21 அன்று பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 52-க்கு 48 என்ற வாக்கில் பூட்டை உடைத்தார். உச்ச நீதிமன்றம் தவிர மற்ற எல்லா நியமனங்களுக்கும் இனி சாதாரணப் பெரும்பான்மை போதும். நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே இதற்காக வருந்துவீர்கள் என்று செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவரான மிட்ச் மெக்கானல் அன்றே அவையில் சொன்னார்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா மார்ச் 16 அன்று மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டில் மக்களே தீர்மானிக்கட்டும் என்று சொல்லி மெக்கானல் விசாரணையே நடத்தவிடவில்லை. 293 நாள் கிடந்து அந்தப் பெயர் காலாவதியானது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு இருந்த அறுபது வாக்குப் பூட்டையும் குடியரசுக் கட்சியினர் உடைத்து, நீல் கோர்சச்சை 54-க்கு 45 என்று உள்ளே அனுப்பினார்கள். 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. இந்த முறை 'மக்கள் தீர்மானிக்கட்டும்' காணாமல் போயிற்று. அக்டோபர் 26 அன்று ஏமி கோனி பாரெட் 52-க்கு 48 என்று ஏற்கப்பட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதை ஒரு கட்சிக்கு மட்டும் சொல்லவில்லை. தேர்தல் ஆண்டில் புதுப் பெயர் வேண்டாம் என்று 1992-இல் அவையில் நீண்ட உரை ஆற்றியவர் அன்றைய நீதித்துறைக் குழுத் தலைவர் ஜோ பைடன். 2006-இல் சாமுவேல் அலிட்டோவை முடிவில்லா விவாதத்தால் தடுக்க வாக்களித்தவர்களில் ஒருவர் செனட்டர் பராக் ஒபாமா. 2005-இல் பூட்டை உடைக்கலாம் என்ற பக்கம் நின்றவர்களில் மெக்கானலும் உண்டு.

இங்கே உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துவிடுகிறேன். மேலே சொன்ன தேதிகளும் வாக்கு எண்ணிக்கையும் பதிவில் உள்ளவை. அவற்றில் தகராறு இல்லை. 2013-இல் ரீட் பூட்டை உடைக்காமல் இருந்திருந்தால் 2017-இல் மெக்கானல் உடைத்திருக்க மாட்டார் என்பது வெறும் ஊகம். உடைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க வழியில்லை. 2016-ஐ 'வரலாறு காணாதது' என்பதும் முழு உண்மையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனட் பெயர்களைத் தொடாமலே விட்டதுண்டு. 1866-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒருவரை முன்மொழிந்தபோது நாடாளுமன்றம் அந்த நாற்காலியையே ஒழித்துவிட்டது. ஆனாலும் என் தனிப்பட்ட தீர்ப்பைக் கேட்டால், யார் பெயர் வந்தாலும் பார்க்கவே மாட்டோம் என்று பெயர் வருவதற்கு முன்பே அறிவித்தது, எஸ்ட்ராடாவைத் தடுத்ததைவிட ஒரு படி மேலே போன காரியம். எஸ்ட்ராடாவுக்கு விசாரணையாவது நடந்தது. இதோடு ஒத்துப்போகாத, நான் மதிக்கும் வழக்கறிஞர்கள் பலர் உண்டு.

நீலக் காகிதத்துக்கு வருவோம். உண்மைதான், பாதி. மாவட்ட நீதிமன்றத்துக்கோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ ஒரு பெயர் வந்ததும், நீதித்துறைக் குழுத் தலைவர் அந்த இடம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் ஒரு படிவம் அனுப்புவார். நீல நிறத் தாள். 'ஆட்சேபம் இல்லை' என்றோ 'உண்டு' என்றோ எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். 1917 வாக்கில் தொடங்கிய பழக்கம். சட்டமல்ல, செனட்டின் விதிப் புத்தகத்திலும் இல்லை. குழுத் தலைவர் என்ன மதிப்புக் கொடுக்கிறாரோ அதுதான் அதன் மதிப்பு. மிஸ்ஸிஸிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் 1956 முதல் 1978 வரை தலைவராக இருந்தபோது, ஒரே ஒரு தாள் வராவிட்டாலும் பெயரை நகர்த்தமாட்டார். பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்ன தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் நீதிபதிகள் தெற்கே வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அவர் இதை இரும்புப் பூட்டாக்கினார் என்பது காலத்தை வைத்துப் பலர் செய்யும் ஊகம். எனக்கு அது வலுவான ஊகமாகவே படுகிறது. அந்த வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷலின் மேல்முறையீட்டு நீதிமன்ற நியமனம் அதே ஈஸ்ட்லண்டின் குழுவில் ஏறக்குறைய ஓராண்டு கிடந்து, 1962 செப்டம்பரில்தான் 54-க்கு 16 என்று நிறைவேறியது என்பது ஊகமல்ல, பதிவு.

ஈஸ்ட்லண்டுக்குப் பிறகு ஒவ்வொரு தலைவரும் தாளின் மதிப்பை ஏற்றியும் இறக்கியும் வந்தார்கள். ஒபாமா காலத்தில் பாட்ரிக் லேஹி கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அதனால் ஒபாமாவின் சொந்தக் கட்சித் தலைவரே ஒபாமாவின் பெயர்களை நிறுத்திவைத்தது போலாயிற்று. 2017-இல் சக் கிராஸ்லி, மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு இந்தத் தாள் இனித் தடையல்ல என்று மாற்றினார். மினசோட்டாவின் டேவிட் ஸ்ட்ராஸ்தான் அந்த வாசல் வழியாக முதலில் போனவர். செனட்டர் ஒருவரின் தாள் வராமலே ஏற்கப்பட்டார். ஆனால் மாவட்ட நீதிமன்றங்களுக்கு தாள் இன்றும் தடைதான். பைடன் காலத்தில் டிக் டர்பின் அதை மாற்றவில்லை. தென் மாநிலங்களில் பல இடங்கள் காலியாகவே கிடந்தன. 2025-இல் டிரம்ப் இதை ஒழிக்கச் சொல்லி வெளிப்படையாகவே வற்புறுத்தினார். மறுபடியும் தலைவராகியிருந்த கிராஸ்லி இணங்கவில்லை. ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: மாவட்ட நீதிபதி என்றால் ஒரு செனட்டர் தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தாலே போதும். மேல்முறையீட்டு நீதிபதி என்றால் முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கு இந்தத் தாளே கிடையாது. இது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா? சண்டையில்லாத மாநிலங்களில், வெள்ளை மாளிகை இரு செனட்டர்களையும் முன்கூட்டியே கலந்து பேசி நடுநிலையான ஒருவரைத் தேர்ந்தெடுக்க இது வழி செய்கிறது. என் அனுபவத்தில் நல்ல மாவட்ட நீதிபதிகள் பலர் அப்படி வந்தவர்கள்தான். சண்டையுள்ள மாநிலத்தில் இது வெறும் பூட்டு. இதே தாளைப் பற்றி வழக்குக்கு வழக்கு என் கருத்து மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பூட்டுகள் போன பிறகு மிச்சமிருப்பது கூட்டல் கழித்தல். வெள்ளை மாளிகையும் செனட்டும் ஒரே கையில் இருந்தால் ஆறு ஓடும், இல்லாவிட்டால் அணை. ஒபாமாவின் கடைசி இரண்டு ஆண்டில், எதிர்க்கட்சி செனட்டில், மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு ஏற்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அடுத்து வந்த டிரம்ப் நூற்றுக்கும் மேற்பட்ட காலியிடங்களோடு தொடங்கினார். நான்கே ஆண்டில் 54 மேல்முறையீட்டு நீதிபதிகள். ஒபாமாவுக்கு எட்டு ஆண்டில் 55. எல்லா நிலைகளையும் சேர்த்தால் டிரம்பின் முதல் தவணையில் 234, பைடனுக்கு 235. 2019 ஏப்ரலில் குடியரசுக் கட்சியினர் மாவட்ட நீதிபதிகளுக்கான கடைசிக் கட்ட விவாத நேரத்தை முப்பது மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைத்தார்கள். அன்று ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். 2021 முதல் அதே இரண்டு மணி நேரத்தில் தங்கள் ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்பினார்கள். எண்ணிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2023-இல் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு அக்கி வந்து சில மாதம் வர முடியவில்லை. குழு பத்துக்குப் பத்தாகிவிட்டது. ஒரு மூதாட்டியின் உடல்நிலைக்காக ஃபெடரல் நீதித்துறையின் ஒரு பகுதி காத்துக்கிடந்தது.

நீதிபதிகளும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அறுபத்தைந்து வயதும் பதினைந்து ஆண்டுப் பணியும் முடிந்தவர் முழுச் சம்பளத்தோடு பாதி ஓய்வுக்குப் போகலாம், இடம் காலியாகும். எந்த அதிபர் இருக்கும்போது போவது என்பதில் தான் அரசியல் இருக்கிறது. 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு, ஓய்வு அறிவித்திருந்த ஒருசில நீதிபதிகள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மேல்முறையீட்டு நீதிபதி ஜேம்ஸ் வின் அவர்களில் ஒருவர்.

விசாரணை பற்றி ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்ற விசாரணைகளைப் பெரும்பாலும் நாடகம் என்று தள்ளிவிடலாம். வழக்காக வரக்கூடிய எதைப் பற்றியும் பேசமாட்டேன் என்று எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். ஆனால் கீழ்நிலை நியமனங்களில் விசாரணை சில சமயம் உண்மையாகவே வேலை செய்கிறது. 2017 டிசம்பரில் மாத்யூ பீட்டர்சன் என்பவரைக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கென்னடியே கேள்வி கேட்டார். ஒரு வழக்கையாவது விசாரணை முடியும்வரை நடத்தியிருக்கிறீர்களா? இல்லை. பிறகு நாங்கள் அன்றாடம் போடும் சாதாரண மனுக்களைப் பற்றிக் கேட்டார், பதில் தடுமாறியது. சில நாளில் அவர் விலகினார். அந்த ஐந்து நிமிடக் காட்சியை இளம் வழக்கறிஞர்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

நியமித்த கட்சியை வைத்துத் தீர்ப்பைச் சொல்லிவிடலாமா? சில வகை வழக்குகளில் ஓரளவுக்கு முடியும், பெரும்பாலானவற்றில் முடியாது. 2020 தேர்தல் முடிவை எதிர்த்து பென்சில்வேனியாவில் டிரம்ப் தரப்புத் தொடுத்த வழக்கைத் தள்ளி மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் ஸ்டெஃபானோஸ் பிபாஸ்; அவரை நியமித்தவர் டிரம்ப். மறுபக்கம், டெக்சஸின் அமரில்லோவில் பதிவாகும் வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே மாத்யூ காஸ்மரிக் என்ற ஒரே நீதிபதிக்குப் போகும் என்பது தெரிந்ததால், கருக்கலைப்பு மாத்திரைக்கு எதிரான வழக்கை அங்கே கொண்டுபோனார்கள். 2023 ஏப்ரலில் அவர் நாடு முழுவதற்கும் அதன் அனுமதியை நிறுத்தி உத்தரவிட்டார். 2024-இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடர உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஒருமனதாகத் தள்ளியது. அவரை செனட் 52-க்கு 46 என்று ஏற்றபோது செய்தித்தாளில் அது ஒரு சின்னச் செய்தி.

என் கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் வேறு வழியில் வருகிறது. குற்ற வழக்கு என்றால் எழுபது நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விதிவிலக்குகள் பல உண்டு என்றாலும், நீதிபதி குறைந்தால் இருப்பவர் முதலில் குற்ற வழக்கைத்தான் எடுப்பார். உரிமையியல் (சிவில்) வழக்குகள் வரிசையில் பின்னே தள்ளப்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உணவகத்தின் சமையல்காரர்கள் ஆறு பேருக்காகக் கூலி பாக்கி வழக்குப் போட்டேன். எங்கள் நீதிபதி ஓய்வு பெற்றார். இடத்தை நிரப்பப் பெயர் வந்தது. நீலத் தாள் ஒன்று வரவில்லை. வழக்கு வேறு மாவட்டத்து நீதிபதியிடம் போயிற்று, அவரிடமிருந்து இன்னொருவரிடம். எதிர்த்தரப்பு போட்ட மனு இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவில்லாமல் கிடந்தது. ஆறு பேரில் இருவர் ஊர் மாறிப் போய்விட்டார்கள். ஒருவர் வழக்கையே கைவிட்டார். உணவகத்துக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு கதை, ஆனால் காத்திருப்பது அவருக்குக் கட்டுப்படியாயிற்று, இவர்களுக்கு ஆகவில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் மனுக்களை ஒவ்வொரு நீதிபதியின் பெயரோடும் ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும் என்று 1990-இல் ஒரு சட்டம் வந்தது. கணக்கெடுக்கும் நாள் மார்ச் 31, செப்டம்பர் 30. அதனால் அந்த இரு மாதங்களின் கடைசி வாரத்தில் எங்கள் மின்னஞ்சலில் உத்தரவுகள் கொட்டும். தேர்தல் முடிந்து, புதிய பெயர் வந்து, இரண்டு தாள்களும் திரும்பி, கடைசியில் எங்கள் மாவட்டத்துக்கு நீதிபதி கிடைத்தார். இரு கட்சியினரும் சேர்ந்தே வாக்களித்தார்கள். யாருக்கும் அவர்மேல் மனக்குறை இல்லை. சமையல்காரர்களின் மனுவில் உத்தரவு அந்த ஆண்டு செப்டம்பர் 29 மாலையில் வந்தது. அப்போது வழக்கில் மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர்.